ஏற்றத்துக்குக் காற்று இருந்தது: டெல்டாவிலிருந்து பச்சைமலைக்குப் போன ஒரு சைக்கிள் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர், ஒரு செப்டம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை பச்சைமலை மேல் மண் பாதைகளில் சைக்கிள் ஓட்டிவரப் புறப்பட்டோம். திட்டமிட்ட தூரம் 62 கிலோமீட்டர். ஓட்டியது 49.5. ஒருவருக்குக் கையிலும் தொடையிலும் சிராய்ப்பு. எலும்பு எதுவும் முறியவில்லை. வழியைத் தேர்ந்தெடுத்து, நேரக் கணக்குப் போட்டு, என்னென்ன கொண்டுபோவது என்று பட்டியல் எழுதியவன் நான். ஆகவே கீழே "திட்டத்தில் விட்டுப்போனது" என்று வரும் இடங்களில் எல்லாம் விட்டவன் நான்தான்.

ஐவரில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவர் உரக்கடை வைத்திருக்கிறார், எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். ஒருவர் மருந்தாளுநர். ஒருவன் கல்லூரி மாணவன். நான் வங்கி ஊழியன். ஐவருமே மூன்று ஆண்டுகளாக வாரம் தவறாமல் ஆற்றங்கரைகளில் ஓட்டுபவர்கள். ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் என்பது எங்களுக்குப் புதிதல்ல.

ஆனால் எங்கள் ஊர் நிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட இல்லை. அருகில் ஒரு மலை இருக்கிறது, சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, அறுபது படி. மற்றபடி ரயில்வே மேம்பாலங்கள்தாம் எங்கள் சிகரங்கள். இங்கே பிரேக் என்பது குறுக்கே வரும் ஆட்டுக்கும் வேகத்தடைக்கும் தொடுவது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் திட்டம் போடும்போதே எழுதியிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

இடமும் காலமும்

முதலில் பேசியது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்றாலே மாணவனுக்குக் கண் விரிந்தது. ஆனால் அது முழுக்கத் தார்ச்சாலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சுற்றுலா வண்டிகளும் அதிகம். எங்களுக்கு வேண்டியது மண்ணும் கப்பியும். பச்சைமலை அதற்குப் பொருந்தியது. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த மலை 500 முதல் 1000 மீட்டர் வரை உயரம் கொண்டது. மேலே மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள், மரவள்ளிக் காடுகள், அவற்றுக்கு இடையே டிராக்டர் போகும் பாதைகள். சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குத் தார்ச்சாலை ஏறுகிறது. அதில் ஏறி, மேலே மண் பாதையில் 32 கிலோமீட்டர் ஒரு சுற்று வந்து, அதே சாலையில் இறங்குவது என்று முடிவாயிற்று.

எப்போது போவது என்பதில்தான் இழுபறி. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை காட்டுத்தீக் காலம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஜனவரியில் சம்பா அறுவடை. உரக்கடை அண்ணனுக்கு வசூல் காலம், கடையை விட்டு நகர மாட்டார். மிஞ்சியது செப்டம்பர். உள் மாவட்டங்களில் அந்த மாதம் பிற்பகல் இடிமழை சாதாரணம். எனவே பகல் ஒரு மணிக்குள் அடிவாரத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பதை மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் முதல் கணக்காக வைத்தேன். இன்று யோசித்தாலும் அது சரியான முடிவாகவே படுகிறது.

அனுமதி

ஆகஸ்டில் நானும் அண்ணனும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாதையைப் பார்த்தோம். நான் வரைந்திருந்த சுற்றில் ஏழு கிலோமீட்டர் காப்புக்காட்டுக்குள் போயிற்று. செயற்கைக்கோள் படத்தில் அழகான ஒற்றையடிப் பாதை. நேரில் போய்ப் பார்த்தால் வனத்துறையின் எல்லைக்கல். கடிதத்தோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போனோம். ஊராட்சிச் சாலையும் ஊர்களுக்கு இடையிலான பாதையும் பொதுவழி, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டோரைக் காட்டுத்தீ கொண்டுபோன பிறகு இந்த விதியை யாரும் சடங்காக நினைப்பதில்லை. அந்த ஏழு கிலோமீட்டரை வெட்டிவிட்டு மரவள்ளிக் காட்டு ஓரமாகச் சுற்றிப் போகும் வழியைச் சேர்த்தேன். தூரம் குறையவில்லை, கல் கூடிற்று.

அந்த மாற்றுவழியை நாங்கள் மோட்டார் சைக்கிளில் கடந்தோம், சைக்கிளில் அல்ல. இன்ஜின் இழுக்கும்போது கல் உருளுவது காலுக்குத் தெரியாது.

பயிற்சி

மேடே இல்லாத ஊரில் மலையேறப் பழகுவது எப்படி? விடையை ஆடி மாதம் கொண்டுவந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று திருச்சியைத் தாண்டித் தஞ்சைச் சமவெளியில் அடிக்கும் அடி, இங்கே சைக்கிள் ஓட்டும் எவருக்கும் தெரியும். அம்மியே பறக்கிற காற்றில் நாம் எம்மாத்திரம். திருவையாற்றிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை வரை, மேற்கு நோக்கி, எதிர்காற்றில், கனமான கியரில், சேணத்தை விட்டு எழாமல் ஓட்டுவது. எட்டு வாரம் செய்தோம். தொடை எரியும், மூச்சு சீராக இருக்கும், நேரம் நீளும். ஏற்றத்தில் உடம்பு படுவதற்கு இதைவிட நெருக்கமான ஒன்று சமவெளியில் கிடையாது. மலையில் எங்களில் எவருக்கும் கால் ஓயவில்லை என்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

கல்லணையில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். மிதிக்காமலே இருபத்தெட்டு, முப்பது வேகம். "இதுதான் இறக்கம்" என்று சிரித்துக்கொள்வோம். அது இறக்கமே அல்ல. காற்று தள்ளும்போது கை பிரேக்கைத் தேடுவதில்லை.

மண் ஓட்டத்துக்குக் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் பழகினோம். அங்கே சேறு உண்டு. களிமண் சக்கரத்தில் அப்பி மட்காடு அடைத்துக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு ஓட்டுவோம். அதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். உருளும் கல் எங்கள் ஊரில் கிடையாது.

வண்டிகள்

ஐந்து சைக்கிளும் ஐந்து விதம். இங்கே ஒரு கணக்கைச் சொல்வது பயன்படும். ஆசிரியையின் வண்டியில் முன்னால் 28 பல், பின்னால் 34 பல் சக்கரம் இருந்தது, 40 மி.மீ. டயர். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று என்றால் மணிக்கு 6.5 கிலோமீட்டர். மருந்தாளுநரின் வண்டி தார்ச்சாலைக்கானது. மிக லேசான கியரே முன்னால் 34, பின்னால் 28. டயர் 32 மி.மீ. ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். அதே அறுபது சுற்றில் மணிக்கு ஒன்பதரைக்குக் கீழே போக முடியாது. செங்குத்தில் அந்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காவிட்டால் இரண்டே வழி: பெடல் சுற்றைக் குறைத்து முட்டியை வருத்துவது, அல்லது இறங்கித் தள்ளுவது. பின்சக்கரப் பல்லை மாற்றச் சொன்னேன். "எதிர்காற்றிலேயே இதில்தானே சார் ஓட்டினேன்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

டயர் காற்றைப் பற்றி மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் டயரைக் கல்லாக அடித்தால்தான் திருப்தி. 40 மி.மீ. டயருக்கு 35 முதல் 40 பவுண்டு போதும். கடினமான டயர் கல்லின் மேல் துள்ளும், மெத்தென்ற டயர் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

சோதனைப் பட்டியலில் செயின், கியர் கம்பி, டயர், உதிரி டியூப், பம்பு, பஞ்சர் சாமான், முதலுதவிப் பை எல்லாம் இருந்தன. பிரேக்குக்கு நேரே நான் எழுதியிருந்தது: "பிடிக்கிறதா?" ஐந்து பேரும் டிக் அடித்திருந்தார்கள். சக்கரத்தின் டிஸ்க் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற கேள்வியே பட்டியலில் இல்லை.

நேரக் கணக்கு

சராசரி மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தேன். கொள்ளிடக் கரையில் எங்கள் சராசரி இருபது. அதில் எட்டைக் கழித்தால் தாராளம் என்று நினைப்பு. ஆறு மணிக்குச் சோபனபுரம், ஏழே காலுக்கு மேலே, சிற்றுண்டிக்குப் பின் ஏழே முக்காலுக்குச் சுற்று தொடக்கம், வழியில் அரை மணி ஓய்வு உட்பட பதினொன்றுக்குள் சுற்று முடிவு, பன்னிரண்டுக்கு முன் அடிவாரம். மொத்த ஏற்றம் 780 மீட்டர் என்று வரைபடச் செயலி காட்டியது. இத்தகைய செயலிகள் உயரத்தைப் பெரும்பாலும் செயற்கைக்கோள், விண்கல அளவீடுகளிலிருந்தே எடுக்கின்றன. முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம் என்று நிலத்தைப் பிரித்து ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் தரும் தரவு அது. ஒரு கட்டத்துக்குள் இறங்கி ஏறும் ஓடைப்பள்ளம் அதில் மறைந்துபோகும். பச்சைமலை மேலே ஓடைப்பள்ளம் நூறு அடிக்கு ஒன்று.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு பகுதிதான் எங்களைக் காப்பாற்றியது. அது ஆசிரியை சேர்த்தது. காலை 11 மணிக்கு எங்கே இருந்தாலும் சரி, மிச்ச மண் பாதை எட்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் அருகிலுள்ள தார்ச்சாலைக்குப் போய்விட வேண்டும்; தகராறு வந்தால் கடைசியில் வருபவர் சொல்வதே முடிவு. கும்பகோணத்தில் காப்பி குடித்துக்கொண்டு இதை எழுதியபோது மாணவன் முணுமுணுத்தான். "மேலே போய் இதைப் பேசினால் பேசிக்கொண்டேதான் இருப்போம், இப்போதே பேசி முடித்துவிடலாம்" என்றார் ஆசிரியை.

பயண நாள்

சனிக்கிழமை மாலை சைக்கிள்களைக் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, இடையிடையே சாக்கும் பழைய போர்வையும் வைத்துக் கட்டி, துறையூரில் தங்கினோம். மறுநாள் ஆறு மணிக்குச் சோபனபுரத்தில் மிதிக்கத் தொடங்கினோம். ஆளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பூவன் பழம், கடலை மிட்டாய், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு.

ஏற்றம் நன்றாகவே போயிற்று. எதிர்காற்றில் பழகிய கால் சீராக மிதித்தது. நான்காவது கிலோமீட்டரில் மாணவனின் பின்டயரில் பஞ்சர், இருபது நிமிடம். மருந்தாளுநர் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினார். டாப் செங்காட்டுப்பட்டியை அடைந்தபோது மணி 8.20. கருவி ஏறக்குறைய 500 மீட்டர் ஏற்றம் காட்டிற்று. திட்டத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் பின்தங்கியிருந்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இட்லி சூடாக இருந்தது; மலைக்காற்று சில்லென்று இருந்தது. எழுந்தபோது மணி 9.05.

பிறகு மண் பாதை. முதல் மூன்று கிலோமீட்டர் செம்மண், இறுகியது, கொள்ளிடக் கரை போலவே இருந்தது. அதற்கப்பால் மழைநீர் அரித்த டிராக்டர் தடம். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே முதுகு போல ஒரு மேடு, அதன்மேல் நெல்லிக்காய் அளவில் வெள்ளைக் கற்கள். இறுகிய மண்ணின்மேல் தளர்ந்த கல் கிடந்தால் டயர் மண்ணைத் தொடவே தொடாது. கல் உருளும், டயரும் அதோடு போகும். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் இடத்திலேயே சுழலும். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் தூக்கும். உடம்பை முன்னால் சாய்த்து, சேணத்தின் நுனியில் உட்கார்ந்து, லேசான கியரில் சுற்றத் தெரிந்த ஆசிரியை ஒருவர்தான் பெரும்பாலும் இறங்காமல் போனார். மருந்தாளுநர் பாதிக்கு மேல் தள்ளினார்.

பதினொரு மணி

கைப்பேசியில் அலாரம் அடித்தபோது ஒரு புளிய மரத்தடியில் நின்றிருந்தோம். சுற்றில் முடித்தது 11.5 கிலோமீட்டர். மிச்சம் 20.5. அதுவரை ஏறிய மொத்த உயரம் 790 மீட்டர். முழுப் பயணத்துக்கும் செயலி சொன்ன கணக்கை மூன்றில் ஒரு பங்குச் சுற்றிலேயே தாண்டிவிட்டோம். ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் மிச்சம்.

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. "ஒரு மேகம்கூட இல்லையே, போய்விடலாம்" என்றேன், திட்டம் போட்ட நானே. மாணவன் சேர்ந்துகொண்டான். அண்ணன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு மருந்தாளுநரைப் பார்த்தார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பெடல் முள் குத்திய கெண்டைக்காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, "திரும்பலாம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, மூன்று கிலோமீட்டரில் தார்ச்சாலை வரும் என்று கைகாட்டினார். தம் வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீரும் ஊற்றினார். 11.55க்கு டாப் செங்காட்டுப்பட்டிக்கு வந்துவிட்டோம்.

அன்று மாலைவரை ஒரு துளி மழையும் பெய்யவில்லை. முழுச் சுற்றையும் முடித்திருக்கலாமே என்று மாணவன் இன்றும் கேட்கிறான். அதே வேகத்தில் போயிருந்தால் மேலே வந்து சேரவே இரண்டரை ஆகியிருக்கும். முக்கால் லிட்டர் தண்ணீரை வைத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம். அதன் பிறகு, களைத்த கைகளோடு இறக்கம். மழை வராததை வைத்து அந்த முடிவை நான் எடைபோட மாட்டேன்.

இறக்கம்

புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு 12.40க்கு இறங்கத் தொடங்கினோம். திட்டத்தில் இந்தப் பகுதிக்கு நான் எழுதியிருந்தது ஒரே வரி: "இறக்கம், 45 நிமிடம்."

மருந்தாளுநர் கடைசியில் வந்தார். மேலிருந்தே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே இறங்கியிருக்கிறார். வேகம் கூடிவிடக் கூடாது என்ற பயம், இயல்புதான். எட்டாவது கிலோமீட்டரில் முன்பிரேக் பிடி கைப்பிடியையே தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. பின்பிரேக்கை அழுத்தினார். வளைவின் வெளி ஓரத்தில் குவிந்திருந்த மணலில் பின்சக்கரம் வழுக்கி, இடப்பக்கம் விழுந்தார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. இதில் எங்கள் திறமை எதுவும் இல்லை.

நான் கீழிருந்து ஏறிப்போய்ச் சேர்ந்தபோது கருகல் வாடை இருந்தது. முன் டிஸ்கின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. மாணவன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து டிஸ்க் மேல் ஊற்றப் போனான். ஆசிரியை கையைப் பிடித்துவிட்டார். அந்தச் சூட்டில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் வளைந்துபோகும். அந்தத் தண்ணீரால் காயத்தைக் கழுவினோம். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. தலைக்கவசத்தில் ஒரு கீறல்.

பேட் இரண்டும் ஏறக்குறைய உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்து, முகம் கண்ணாடிபோல் மினுங்கியது. கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக் அது. பேட் தேயத் தேயக் கம்பியை இறுக்கிக் கொடுக்க வேண்டும். சமவெளியில் இரண்டு ஆண்டுகளாக அவர் அதைத் தொட்டதே இல்லை, தொட வேண்டிய தேவையும் வரவில்லை. ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோ. 500 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொண்டுபோவது போக மிச்சம் அனைத்தும் அந்த விரல்நுனி அளவுப் பேட்களுக்குத்தான் வருகிறது. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஆறவே நேரம் கிடைக்காது.

அவரைக் குட்டி யானையில் ஏற்றிக் கீழே கொண்டுபோனோம். மருத்துவமனையில் காயத்தைச் சுத்தம் செய்து கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

மாற்றியவை

நேரத்தை இப்போது வேகத்தால் மட்டும் கணக்கிடுவதில்லை. மண் பாதைக்கு மணிக்கு 15 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் 12 நிமிடம் கூட்டுகிறோம். அன்றைய தார் ஏற்றத்தை இப்படிக் கணக்கிட்டால் பஞ்சர் நேரம் நீங்கலாக உண்மை நேரம் அப்படியே வருகிறது. மண் சுற்றில் முதல் 11.5 கிலோமீட்டருக்கு 81 நிமிடம் வருகிறது. நாங்கள் எடுத்தது 115. மீதி 34 நிமிடம் கல்லுக்குக் கொடுத்தது. அதைக் கணக்கில் சேர்க்கும் வழி இன்னும் பிடிபடவில்லை. பாதையை ஒருவராவது சைக்கிளிலேயே முன்கூட்டிப் பார்த்து வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

பதினொரு மணி விதி அப்படியே நீடிக்கிறது. மருந்தாளுநர் பின்சக்கரப் பல்லை மாற்றிவிட்டார். பட்டியலில் "பிடிக்கிறதா?" என்பதை அடித்துவிட்டு, பேட் கனம் எத்தனை மி.மீ., கம்பி கடைசியாக எப்போது இறுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். இறக்கத்துக்குத் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது: நேரான இடத்தில் பிரேக்கை விட்டு ஓடவிடுவது, வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு வளைவில் விட்டுவிடுவது, ஐந்து வளைவுக்கு ஒருமுறை நிற்பது, அனுபவம் குறைந்தவரை நடுவில் விடுவது.

இதை எங்கே பழகுவது என்பதுதான் பிரச்சினை. ரயில்வே மேம்பாலத்தில் ஒரு ஞாயிறு முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தோம். இருபது விநாடியில் இறக்கம் முடிந்துவிடுகிறது. டிஸ்க் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. ஆகவே ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அண்ணனைத் தவிர நான்கு பேரும் மறுபடியும் போனோம். ஏறுவதற்கு அல்ல. சைக்கிள்களைக் குட்டி யானையிலேயே டாப் செங்காட்டுப்பட்டிவரை ஏற்றிச்சென்று, கீழே இறங்கி, மறுபடியும் ஏற்றி, காலை முழுக்க மூன்று முறை இறங்கினோம். ஓட்டுநருக்கு எங்கள் மூளையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் முறை மருந்தாளுநர் எனக்கு முன்னால் இறங்கினார். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று, டிஸ்க் பக்கமாகப் புறங்கையைக் காட்டிச் சூடு பார்த்துவிட்டு, அடுத்த ஐந்துக்குப் போனார். மிச்சமிருக்கும் 20.5 கிலோமீட்டர் மண் பாதை இன்னும் அப்படியே இருக்கிறது.